கத்திரி வெயிலும் கிள்ளுக்கீரையும்

சித்திரை பாதி தாண்டியதும், மதுரையில் எங்கள் தெருவுக்கு வரும் காய்கறி வண்டியில் முதலில் காணாமல் போவது கொத்தமல்லிக் கட்டு. இருந்தாலும் விலை கேட்க முடியாது. காய் வாங்கிவிட்டு, "கொஞ்சம் மல்லி போடுங்கண்ணே" என்று கேட்கிற உரிமையெல்லாம் நல்ல மழை விழும் வரை செல்லாது. வெந்தயக் கீரையும் பாலக்கும் இளைத்துப்போய் வரும். ஆனால் காலை ஏழு மணிக்குக் கூடை சுமந்து வரும் கீரைக்கார அம்மாவிடம் அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை மூன்றும் தை மாதத்தில் பார்த்த அதே பளபளப்போடு இருக்கும். விலையும் ஏறக்குறைய அதே விலைதான்.

மாடியில் நான்கு தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே அனுபவம் வாய்த்திருக்கும். நான் தொட்டி வைக்கத் தொடங்கிய முதல் வருடம், ஆர்வக் கோளாறில் மே மாதம் கொத்தமல்லி விதைத்தேன். தனியாவைச் செருப்புக்காலால் தேய்த்து இரண்டாக உடைத்து, ஒரு ராத்திரி ஊறவைத்து, எல்லாம் முறைப்படிதான் செய்தேன். முளைத்தது, நாலு இலை விட்டது, குச்சி போல் ஒரு பூத்தண்டை நீட்டிவிட்டுக் காய்ந்துபோனது. அதே மாடியில், நான் எதுவுமே விதைக்காத உடைந்த தொட்டியில் குப்பைக்கீரை ஒன்று முழங்கால் உயரம் நின்றது. பக்கத்துக் குழாயில் ஒழுகிய தண்ணீரைத் தவிர அதற்கு வேறு உபசாரம் கிடையாது.

குப்பைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை, முள்ளுக்கீரை எல்லாம் ஒரே பேரினம். தாவரவியலில் அமராந்தஸ் என்பார்கள். வாடாதது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். இந்தப் பேரினம் வெயிலில் வாடாமல் நிற்பதற்கான காரணம் இலைக்குள் இருக்கிறது. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால்தான் தொட்டியை எங்கே வைப்பது, எப்போது தண்ணீர் விடுவது என்பதெல்லாம் விளங்கும்.

பச்சை இலை காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரை செய்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்தப் பிடிக்கிற வேலையைச் செய்யும் நொதிக்கு ரூபிஸ்கோ என்று பெயர். நாம் உண்ணும் சோறு, பருப்பு, காய் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதி சமையற்காரர். ஆனால் ஆள் மகா மந்தம். வினாடிக்கு மூன்று நான்கு மூலக்கூறுக்கு மேல் பிடிக்கத் தெரியாது. அதைவிடப் பெரிய குறை, ஆள் மாறிப் பிடித்துவிடும். கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய கையில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தத் தப்பைச் சரிசெய்ய, செடி ஏற்கெனவே சேமித்த கார்பனில் ஒரு பங்கையும் சக்தியில் ஒரு பங்கையும் இழக்க வேண்டும். இந்த நஷ்டக் கணக்குக்கு ஒளிச்சுவாசம் என்று பெயர். இதமான 25 டிகிரியிலேயே மூன்று நான்கு சரியான பிடிக்கு ஒரு தவறான பிடி நடக்கிறது.

வெப்பம் ஏற ஏற இந்தத் தடுமாற்றம் அதிகமாகிறது. சூட்டில் ரூபிஸ்கோவின் அடையாளம் காணும் திறன் குறைகிறது. இலைக்குள் இருக்கும் நீரில் கரியமில வாயு கரைவதும், ஆக்சிஜன் கரைவதைவிட வேகமாகக் குறைந்துவிடுகிறது. போதாததற்கு, தண்ணீர் ஆவியாகிப் போகாமல் இருக்க இலை தன் துளைகளை மூடிக்கொள்கிறது. கதவை மூடினால் புதுக் காற்று வராது. உள்ளே இருக்கும் கரியமில வாயு தீர்ந்து ஆக்சிஜன் மிஞ்சும். மதுரை மாடியில் மே மாத மத்தியானம் கொத்தமல்லிக்கு நடப்பது இதுதான். நெல்லும் கத்தரியும் வெண்டையும்கூட இதே அமைப்புள்ள செடிகள்தான். (கொத்தமல்லி அவசரமாகப் பூத்தண்டு விடுவது தனிக் கதை. நீளும் பகலும் ஏறும் சூடும் சேர்ந்து, காலம் முடிந்தது, விதையைப் போட்டுவிட்டுப் போ என்று அதற்குச் சொல்லிவிடுகின்றன.)

அமராந்தஸ் பேரினம் இதற்கு ஒரு மாற்று வழி வைத்திருக்கிறது. கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இலையில் ரூபிஸ்கோ வெளிப்பிராகாரத்தில் உட்காருவதில்லை. நரம்புகளைச் சுற்றி மாலை போட்டதுபோல் அமைந்த தடித்த செல்களுக்குள், கருவறையில் இருப்பதுபோல் இருக்கிறது. பிராகாரத்தில் வேறொரு நொதி நிற்கிறது. அது ஆக்சிஜனை ஏறெடுத்தும் பார்க்காது. கரியமில வாயுவை மட்டும் பிடித்து, நான்கு கார்பன் கொண்ட அமிலமாகக் கட்டி உள்ளே அனுப்பும். உள்ளே போனதும் கட்டு அவிழ்ந்து கரியமில வாயு வெளிப்படும். வெளியில் இருப்பதைப்போல் பத்து மடங்கு வரை கருவறையில் அது நெரிசலாக நிற்கும்போது, ரூபிஸ்கோ எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் சரியான ஆள்தான் அகப்படும். அந்த நான்கு கார்பன் அமிலத்தை வைத்து இந்த முறைக்கு சி-4 என்று பெயர்.

இதைக் கண்டுபிடித்த கதை சர்க்கரை ஆலைகளின் நிழலில் நடந்தது. ஒளிச்சேர்க்கையில் கார்பன் போகும் பாதையைக் கண்டறிந்ததற்காக மெல்வின் கால்வின் 1961-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் கண்டதில் முதலில் உண்டாகும் பொருளுக்கு மூன்று கார்பன். ஆனால் ஹவாய்த் தீவில் கரும்புத் தோட்ட முதலாளிகளின் ஆய்வகத்தில் கோர்ட்ஷாக் என்பவர், கரும்பு இலையில் முதலில் வருவது வேறு ஏதோ என்று 1950-களிலேயே கவனித்திருந்தார். விரிவாக அது அச்சேறியது 1965-இல். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், அதுவும் ஒரு சர்க்கரை நிறுவனத்தின் ஆய்வகம்தான், ஹேட்சும் ஸ்லாக்கும் இந்தப் பாதையை விளக்கினார்கள். மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாமே சி-4 என்று பிறகு தெரிந்தது. பூக்கும் தாவர இனங்களில் நூற்றுக்கு மூன்று அளவுக்குத்தான் இந்த வசதி உண்டு. நெல்லுக்கு இதைக் கொடுக்க முடியுமா என்று பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் உட்பட உலகெங்கும் பல ஆய்வகங்கள் இன்னும் முயன்றுகொண்டிருக்கின்றன. சோற்றுக்கு இல்லாத இயந்திரம் அதன் ஓரத்தில் வைக்கும் கீரைப் பொரியலுக்கு இருக்கிறது.

இன்னொரு கீரையையும் சொல்ல வேண்டும். சிறுபாணாற்றுப்படையில் வறுமைப்பட்ட பாணர் குடும்பம் ஒன்று வருகிறது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து, உப்புக்கு வழியில்லாமல் வேகவைத்து, ஊரார் பார்த்துவிடக் கூடாதென்று கதவடைத்துக்கொண்டு உண்கிறார்கள். வெள்ளைப் பூவும் ஐந்து இலையும் கொண்ட தைவேளைதான் அந்த வேளை என்று அடையாளம் காட்டுவார்கள். இன்றைக்கு அந்தச் செடி கேம்பிரிட்ஜ் போன்ற இடங்களில் கண்ணாடி வீட்டுக்குள் வளர்கிறது. அதுவும் சி-4. தாவர மரபியலாளர்கள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் படித்து வைத்திருக்கும் கடுகுக் குடும்பத்துக்கு நெருங்கிய சொந்தம் என்பதால், சி-4 எப்படி உருவானது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வசதியாக இருக்கிறது. கேவலம் என்று கதவடைத்துத் தின்ற கீரை!

சரி, தொட்டிக்கு வருவோம்.

முதல் விதி வெயில். சி-4 முறைக்குக் கூடுதல் சக்தி செலவாகும். கட்டிக் கட்டி உள்ளே அனுப்பும் கூலி அது. வெயில் தாராளமாக இருக்கும்போது அந்தக் கூலி பெரிய செலவில்லை. நிழலில் வைத்தால் வருமானம் குறையும், கூலி மட்டும் குறையாது. ஆகவே பச்சை நிழல்வலைக்கு அடியில் அரைக்கீரை வளர்ப்பது அதன் மூலதனத்தைப் பூட்டி வைப்பதற்குச் சமம். தண்டு மெலிந்து நீளும், இலை வெளிறும். முளைத்த முதல் ஒரு வாரம் மட்டும் பழைய வேட்டித்துணியோ தென்னை ஓலையோ போட்டு உச்சி வெயிலை மறைக்கலாம். நூல் போன்ற வேர் அப்போது மேல்மண்ணில்தான் இருக்கிறது; அந்த மண் ஒரு மத்தியானத்தில் காய்ந்துவிடும். அதன்பின் திறந்துவிடுங்கள்.

இலைக்கு வெயில் பிடிக்கும். வேருக்குச் சூடு பிடிக்காது. வெறும் சிமென்ட் தளத்தின்மேல் கறுப்புப் பையை நேரடியாக வைத்தால் வேர் வெந்துபோகும். இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் பையை ஏற்றினால் அடியில் காற்று ஓடும், தளத்திலும் ஈரம் இறங்காது. முளைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் அரையடி ஆழ மண் போதும். ஆழத்தைவிட அகலம் முக்கியம். மீன் கடையில் கழித்துப் போடும் தெர்மோகோல் பெட்டிக்கு அடியில் துளை போட்டு நான் பயன்படுத்துகிறேன். அதைப்போல் சூடு தாங்கும் தொட்டி காசு கொடுத்தாலும் கிடைக்காது, வாடையை மட்டும் ஒரு வாரம் வெயிலில் போக்க வேண்டும். மண்ணுக்கு என் கணக்கு: செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரமோ மக்கிய எருவோ ஒரு பங்கு. ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. யூரியா வேண்டாம். இந்தக் கீரைகளுக்கு நைட்ரேட்டை இலையில் சேர்த்துவைக்கும் பழக்கம் உண்டு. அது நம் தட்டுக்குத்தான் வரும்.

விதை கடுகைவிடச் சிறியது. ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். கையில் அள்ளித் தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழுந்து, ஒன்றையொன்று நெருக்கி எல்லாமே நோஞ்சானாக வரும். பத்து மடங்கு மணலோடு கலந்து தூவ வேண்டும். மேலே மண் போட்டு மூடாமல், உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிட்டாலே போதும். பூவாளியால்தான் தண்ணீர், குவளையால் ஊற்றினால் விதை முழுக்க ஒரு மூலைக்குப் போய்ச் சேரும். நல்ல சூட்டில் மூன்றிலிருந்து ஐந்து நாளில் முளைத்துவிடும்.

முளைக்கவில்லையென்றால் விதைக்காரரைத் திட்டுமுன் எறும்பை விசாரியுங்கள். கறுத்துப் பளபளக்கும் இந்த விதைகளை எறும்பு வரிசை கட்டி இழுத்துக்கொண்டு போய்விடும். எனக்கு ஒருமுறை ஒரு பாக்கெட் முழுக்கப் போன இடம் தெரியவில்லை. அடுத்த வீட்டு அக்கா சொன்ன யுக்தி, தொட்டியைச் சுற்றி ரவை தூவுவது. எறும்பு ரவையை இழுத்து முடிப்பதற்குள் விதை முளைத்துவிடும். விதைப்புக்கு இரண்டு கரண்டி ரவை என்று எங்கள் வீட்டு மளிகைக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

தண்ணீரைப் பற்றி ஒரு தப்பபிப்பிராயம் உண்டு. சி-4 செடி தண்ணீர்ச் சிக்கனக்காரர்தான். துளையைக் குறுக்கி வைத்துக்கொண்டே அதற்குப் போதுமான கரியமில வாயு கிடைத்துவிடும் என்பதால், ஒரு கிராம் உலர் எடை சேர்க்க மற்றச் செடிகள் குடிப்பதில் பாதி அளவு தண்ணீரே அதற்குப் போதும். இதை சி-4 என்ற பெயர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே அமெரிக்காவின் கொலராடோவில் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்ற இருவர் கண்டிருந்தார்கள். தொட்டி தொட்டியாக எடைபோட்டு எந்தச் செடி எவ்வளவு குடிக்கிறது என்று கணக்கெடுத்தபோது, கம்பு சோளம் வகையறாவோடு கீரை இனமும் பருப்புக்கீரையும் சிக்கனப் பட்டியலில் சேர்ந்தன. ஏன் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. ஆனால் செடி தாங்கும் என்பது வேறு, வாய்க்கு ருசிக்கும் என்பது வேறு. தாகத்தில் வளர்ந்த அரைக்கீரை நாராகிவிடும், சீக்கிரம் பூத்தும் விடும். இளங்கீரை வேண்டுமென்றால் மேல்மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் விடுவது நல்லது. சாயங்காலம் இலை நனைய ஊற்றினால், இலைக்கு அடியில் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல் வெண்துரு நோய் வரும். வந்த இலையைக் கிள்ளி, தொட்டியில் போடாமல் வெளியே எறியுங்கள். இலைகளை நூலால் ஒட்டி உள்ளே ஒளிந்திருக்கும் பச்சைப் புழுவுக்கும் கைதான் மருந்து. வேப்பெண்ணெய்க் கரைசல் உதவும்; கசப்பு இரண்டு நாள் கீரையில் நிற்கும்.

அறுவடையில்தான் நம் மொழி இந்தச் செடிக்கு ஒரு அநியாயம் செய்திருக்கிறது. யாரையாவது இளக்காரமாக நடத்தினால் "என்ன, என்னைக் கிள்ளுக்கீரைன்னு நினைச்சியா?" என்கிறோம். போகிற வருகிறவர்கள் கிள்ளிக்கொண்டு போகலாம், கேட்க நாதியில்லை என்ற பொருளில். செடிக்குள் நடப்பதோ தலைகீழ். நுனிக்குருத்து இருக்கும் வரை அது சுரக்கும் ஆக்சின் என்னும் ஹார்மோன் கீழே உள்ள பக்கமொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனியைக் கிள்ளியதும் அடக்குமுறை போய்விடும். ஒவ்வொரு இலைக்கணுவிலிருந்தும் ஒரு கிளை கிளம்பும். ஒரு நுனி போன இடத்தில் நாலைந்து நுனி. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கிள்ளி எடுப்பதற்கென்றே கோ 3 என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. மூன்று மாதத்துக்குள் பத்து முறை வரை கிள்ளலாம். அரைக்கீரையையும் இப்படியே ஒரு மாதத்தில் முதல் முறை அறுத்து, பிறகு பத்துப் பன்னிரண்டு நாளுக்கொரு முறை அறுக்கலாம். தரையிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு அறுங்கள். கணு இல்லாமல் மழித்தால் துளிர்க்க இடமிருக்காது. முளைக்கீரையும் சிறுகீரையும் வேரோடு பிடுங்குவது, இருபத்தைந்து நாள் கணக்கு. தண்டுக்கீரைக்கு ஒன்றரை மாதமாவது பொறுமை வேண்டும்.

வெயில் தாங்கும் கீரையெல்லாம் சி-4 என்று நினைத்துவிட வேண்டாம். பொன்னாங்கண்ணி, அமராந்தஸின் குடும்பத்திலேயே பிறந்தும் இந்த வித்தை கைவராத பிள்ளை. அதனால்தான் வயல் வரப்பையும் குளத்தங்கரையையும் தேடிப்போய் வளர்கிறது. மாடியில் வைத்தால் பாதி நிழலும் எப்போதும் ஈரமும் கொடுக்க வேண்டும். முருங்கை ஆழ வேரால் சமாளிக்கிறது. கொடிப்பசலை தன் தடித்த வழுவழுப்பான இலையில் தண்ணீரைத் தேக்கி வைத்துச் சமாளிக்கிறது. ஒரு சாண் தண்டை ஒடித்து ஊன்றினாலே கொடி பிடித்துக் கம்பியில் ஏறிவிடும். கார்ட்டூன் பொப்பாய் டப்பாவிலிருந்து விழுங்குவதைத் தமிழில் பசலைக்கீரை என்று எழுதி எழுதி இந்தக் கொடியின் பெயரைக் கெடுத்துவிட்டார்கள். அவன் தின்றது ஸ்பினாச், குளிர்நாட்டுச் செடி, மதுரை மே மாதத்தில் ஒரு வாரம் தாங்காது. நம் சந்தையில் பாலக் என்று விற்பதும் அது இல்லை, பீட்ரூட்டின் உறவு.

சமையலில் ஒரு எச்சரிக்கை. இந்த வெயில் கீரைகளில் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, அளவோடு தின்பதுதான் நல்லது. வேகவைத்து நீரை வடித்தால் கணிசமாகக் குறையும். மோரோ தயிரோ சேர்த்துக் கடைவதிலும் பொருள் இருக்கிறது: அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடும்; பெரும்பகுதி உடம்பில் சேராமல் வெளியேறிவிடும்.

கடைசியாகப் பருப்புக்கீரை. தரையோடு படரும், சிவந்த தண்டும் சதைப்பற்றான சின்ன இலையும் கொண்ட செடி. மாடியில் பலர் அழகுக்கு வைக்கும் பத்துமணிப் பூவுக்கு உடன்பிறப்பு. தெருவோரத்தில் பறிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: தண்டை ஒடித்தால் பால் வந்தால் அது பருப்புக்கீரை இல்லை, தொட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள். மற்றக் கீரைகள் ஒரு வித்தை வைத்திருக்கின்றன என்றால் இது இரண்டு வைத்திருக்கிறது. தண்ணீர் கிடைக்கும் வரை சி-4. தண்ணீர் நின்றுபோனால் கள்ளிச்செடிகளின் முறைக்கும் கை நீட்டும்: இரவில் குளிர்ந்த நேரத்தில் துளையைத் திறந்து, கரியமில வாயுவைப் பிடித்து மாலிக் அமிலமாகச் சேர்த்து, பகலில் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் செலவழிக்கும். ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்று கருதப்பட்ட இந்த இரண்டு முறைகளும் இதன் இலையில் ஒரே செல்லுக்குள் கைகோத்து நடக்கின்றன என்று 2022-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதைச் சோதிக்க நமக்கு ஆய்வகம் வேண்டாம், நாக்கு போதும். இரண்டு தொட்டியில் பருப்புக்கீரை வைத்து, ஒன்றுக்குத் தினமும் தண்ணீர் விடுங்கள், மற்றதை ஒரு வாரம் காயப் போடுங்கள். பிறகு காய்ந்த தொட்டியிலிருந்து விடியற்காலை ஆறு மணிக்கு ஓர் இலையும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓர் இலையும் கிள்ளி மென்று பாருங்கள். இரவெல்லாம் சேர்த்த அமிலம் காலை இலையில் புளிக்கும். மாலை இலையில் புளிப்பு பெரும்பாலும் தீர்ந்திருக்கும். தண்ணீர் குடித்த தொட்டியில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் செய்துவிடுங்கள். மழை பிடித்துவிட்டால் செடி பழைய முறைக்கே திரும்பிவிடும்.